பதினோரு கழுதைகளின் வயிற்றுப் பூச்சி

கால்நடை ஆய்வகத்தில் விட்டையைக் கரைத்து, வடிகட்டி, அதில் எத்தனை புழு முட்டை இருக்கிறது என்று எண்ணிச் சொல்வதுதான் என் தொழில். பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா அதை "எண்ணிக்கை சம்பந்தப்பட்ட வேலை" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்.

வேலையின் வாசனை வீடு வரைக்கும் கூடவே வருகிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மீன் விற்பவர்கள், பெயிண்ட் அடிப்பவர்கள், ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுபவர்கள் எல்லாரும் என் கட்சி. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து படிக்கலாம். கடலூரில் பதினேழு வருஷமாக மாட்டுச் சாணியும் ஆட்டுப் புழுக்கையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கழுதை விட்டை வந்து சேர்ந்தது போன வருஷம் தை மாதத்தில்தான்.

பின்னால் நிற்கும் படிப்பு

சிதம்பரம் பக்கம் வேனில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கும் டாக்டர் கவிதா போன் செய்தார். காட்டுமன்னார்கோயிலுக்கு வெளியே ஒரு செங்கல் சூளை. காயவைத்த பச்சைக் கல்லைக் களத்திலிருந்து சூளைக்குச் சுமக்கப் பதினோரு கழுதைகள். நாலு அஞ்சலை என்கிற பெண்ணுடையது, ஏழு அவளுடைய அக்கா புருஷன் கலியபெருமாளுடையது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாக் கழுதைக்கும் தவறாமல் பூச்சி மருந்து ஊற்றுகிறார்கள். ஆனாலும் கழுதைகள் தேறவில்லை. அதற்கு முந்தின வருஷம் அஞ்சலையின் குட்டி ஒன்று ஆறு மாதத்தில் வயிறு ஊதிச் செத்துப்போயிருந்தது. அதன் தாய் சிட்டு இப்போது மறுபடியும் சினை. "இந்தக் குட்டியாவது நிக்கணும். வந்து எண்ணிக் குடுங்க" என்றார் டாக்டர்.

தரையில் கிடப்பதை எடுத்தால் எந்தக் கழுதை போட்டது என்று தெரியாது. சூடாக விழும்போதே பிடிக்க வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பின்னாலும் நின்றேன். கழுதைகளுக்கு அவசரம் எதுவும் இல்லை. ராஜா என்கிற கொழுத்த ஆண் கழுதை மட்டும் என்னை ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தது. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கலியபெருமாள் கடைசியில் கேட்டார்: "படிச்சிட்டு வந்து கழுதைக்குப் பின்னாடி நிக்கிறதுன்னா, அத நாங்க படிக்காமயே நிக்கிறோமே மேடம்."

பஸ்ஸில் என் பை

பதினோரு டப்பாவையும் ஐஸ் கட்டியோடு பையில் கட்டி, சிதம்பரத்தில் கடலூர் பஸ் பிடித்தேன். சூடு பட்டால் முட்டை பொரிந்துவிடும், அப்புறம் எண்ண முடியாது. அதனால் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஐஸ் உருக ஆரம்பித்தது. முன் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வருவதாகச் சொன்னார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் காலி மீன் கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்தார். "என்னாம்மா அது, கருவாடா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனசு வரவில்லை. கழுதை விட்டை, டெஸ்டுக்கு எடுத்துப்போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "எந்திரி, நாம ரெண்டு பேரும் கடைசி சீட்டுல போயி ஒக்காந்துக்கலாம். அவுங்க மூஞ்சிய நாம ஏன் பாத்துக்கினு வரணும்?" என்றார். கடலூர் வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஆறு பேர் உட்காரும் சீட்டு கிடைத்தது. இறங்கும்போது அவர் சொன்னது: "நாளைக்கும் இந்த பஸ்ஸுக்கே வா, சவுரியமா இருக்குது."

மின்னலின் பல்

அஞ்சலையின் கழுதைகளில் மின்னல் என்று ஒன்று. விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒரு மெலிவு. பூச்சி தின்கிறது என்று நினைத்து, மற்றதுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் மின்னலுக்கு மட்டும் மாதா மாதம் மருந்து போயிருக்கிறது. அதன் ஸ்லைடைத்தான் முதலில் வைத்தேன். தேடித் தேடிப் பார்த்தும் இரண்டோ மூன்றோ முட்டைதான். அடுத்து ராஜா. பளபளவென்று, சூளையிலேயே அழகான கழுதை. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததும் அப்படியே நிமிர்ந்துவிட்டேன். ஸ்லைடில் கோடு போட்ட கட்டத்துக்குக் கட்டம் முட்டை. பதினோரு கழுதையில் ராஜாவுக்கும் சிட்டுக்கும் கருப்பிக்கும்தான் வயிறு நிறையப் பூச்சி. மற்ற எட்டுக்கும் ஏதோ பேருக்கு இருந்தது.

அப்படியானால் மின்னலுக்கு என்னதான் நோய்? அடுத்த தடவை சூளைக்குப் போனபோது டாக்டர் அதன் வாயைத் திறந்து, கடைவாயில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பல் ஓரமெல்லாம் ஊசி மாதிரி வளர்ந்து கன்னத்தைக் கிழித்து வைத்திருந்தது. மெல்ல முடியாமல் பாதித் தீனியைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அரத்தை எடுத்து ராவிவிட்டார். அன்றைக்கு மத்தியானமே மின்னல் வைக்கோலை மிச்சம் வைக்காமல் தின்றது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்ற அஞ்சலை சொன்னாள்: "ரெண்டு வருசமா பல்லு வலிக்கு வயித்து மருந்த ஊத்தியிருக்கேன் மேடம். பாவம், அதுவும் ஒண்ணும் சொல்லாம குடிச்சிட்டு இருந்துச்சி."

நெல் மூட்டைத் தராசு

மருந்தை எப்படி அளப்பார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, கலியபெருமாள் கட்டைவிரலைப் பாட்டிலில் வைத்துக் காட்டினார். ஒரு கழுதைக்கு இவ்வளவு. ஆட்டுக்கு வாங்கின பாட்டில், கழுதைக்குக் கட்டைவிரல் அளவு. "ராஜா எத்தன கிலோ இருக்கும்?" என்றார் டாக்டர். "எழுவது இருக்கும்." டாக்டர் நெஞ்சைச் சுற்றி டேப்பை வைத்து அளந்து, நூற்றுமுப்பது என்றார். துணி தைக்கிற டேப்பில் கழுதை எடை தெரியுமா என்று கலியபெருமாள் நம்பவே இல்லை.

சரி என்று பக்கத்து ரைஸ் மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். நெல் மூட்டை போடும் மேடைத் தராசு. ராஜா ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. அஞ்சலை ஒரு கை தவிட்டை மேடைக்கு அந்தப் பக்கம் கொட்டியதும் தானே ஏறி நின்றது. நூற்றுமுப்பத்திரண்டு. இவ்வளவு நாளும் பாதி மருந்துதான் போயிருக்கிறது. பாதி மருந்துக்குப் பலவீனமான பூச்சிதான் சாகும், தெம்பான பூச்சி தப்பித்துக் குடும்பம் பெருக்கும் என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். கலியபெருமாள் தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மில் குமாஸ்தா வெளியே வந்து, கழுதையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரப்பதம் பாத்துத்தாங்க நாங்க எட போடுவோம். இதுல எவ்வளவு கழிக்கிறதுன்னு டாக்டரம்மா சொல்லணும்."

பதினாலாம் நாள்

எடைக்கு எடை சரியான அளவில் அதே பாட்டில் மருந்தை மூன்று கழுதைக்கும் கொடுத்தோம். பதினாலு நாள் கழித்து மறுபடி விட்டை எடுத்து எண்ண வேண்டும். மருந்து வேலை செய்திருந்தால் ஸ்லைடு காலியாக இருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. டீயைக் குடித்துக்கொண்டே ராஜாவின் ஸ்லைடை வைத்தேன். டீ அப்படியே ஆறிப்போனது. முன்னால் பத்து முட்டை இருந்த இடத்தில் இப்போதும் பத்து.

முதலில் என்மேல்தான் சந்தேகம் வந்தது. டப்பாவில் பேர் மாற்றி ஒட்டிவிட்டேனா? முட்டையை மிதக்க வைக்கிற உப்புக் கரைசல் கெட்டுவிட்டதா? புதுக் கரைசல் போட்டேன், ஸ்லைடுகளைக் கழுவினேன், மூன்று தடவை எண்ணினேன். பேரை மறைத்து, பக்கத்து மேஜை பாஸ்கரையும் எண்ணச் சொன்னேன். அவருக்கும் அதே எண்ணிக்கை. வருஷக்கணக்காகப் பாதி மருந்து குடித்துப் பழகின பூச்சி, முழு மருந்துக்கும் அசையவில்லை. சிட்டுவின் நினைவு வந்தது. அது மேய்கிற இடத்தில்தான் குட்டியும் நாளைக்கு வாய் வைக்கும். டாக்டருக்குப் பேச எடுத்த போனைத் திரும்ப மேஜைமேல் வைத்தேன். பாஸ்கர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க கண்ணுல தப்பு இல்ல மேடம். அந்தப் பூச்சிங்களுக்கு இந்த மருந்து இப்ப டானிக்கு."

மூன்றுக்கு மட்டும்

வேறு வகை மருந்து ஒன்று இருந்தது, வாயில் பிதுக்கும் பசை. அதையும் கெடுத்துவிட்டால் அப்புறம் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் டாக்டர் உறுதியாக இருந்தார். எண்ணிக்கை அதிகமாக இருக்கும் மூன்று கழுதைக்கு மட்டும்தான். இங்கேதான் சண்டை வந்தது. மூன்றில் சிட்டுவும் கருப்பியும் அஞ்சலையுடையது, ராஜா ஒன்றுதான் கலியபெருமாளுடையது.

"அவுளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா? என் மத்த ஆறும் கழுத இல்லியா?" என்றார். டாக்டர் பக்கத்தில் செங்கல் மேல் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "எல்லாத்துக்கும் குடுத்தா, இந்த மருந்துக்குச் சாகாத பூச்சி மட்டும்தாங்க மிஞ்சும். அப்புறம் அதுங்க மட்டும்தான் முட்ட போடும். ஒங்க ஆறு கழுதைல இருக்கிற கொஞ்சம் பூச்சி இந்த மருந்தையே பாக்காத பூச்சி. அதுங்க இருந்தாத்தான் மருந்துக்குச் சாகுற வம்சம் இருக்கும்." கலியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். சிதம்பரம் போய்த் தானே வாங்கி ஊற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வேனில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது, வெயிலைக் கண்ணாடியில் வாங்கிப் பார்க்கிற ரகம். பஸ் வருவதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். அதை அடுக்கின செங்கல் மேல் வைத்து, அன்று காலையில் எடுத்த விட்டையில் தயாராக வைத்திருந்த ஸ்லைடுகளில் ராஜாவுடையதைக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நெல்லு கொட்டின மாரி இருக்குதே" என்றார் மெதுவாக. அப்புறம் அவருடைய மற்ற ஆறு கழுதையின் ஸ்லைடையும் ஒவ்வொன்றாக வைத்தேன். ஆறையும் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டது, அவர் திரும்பவில்லை. கடைசி ஸ்லைடிலிருந்து தலையைத் தூக்கி, அஞ்சலை நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என்னுது ஆறும் சுத்தமா இருக்குதுன்னு ஒரு பேப்பருல எழுதிக் குடுத்துடுங்க மேடம், அவகிட்ட காட்டணும்."

யாருடைய விட்டை

மருந்து பாதி வேலைதான். விட்டையிலிருந்து பொரிந்து வரும் புழு ஈரப் புல்லில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கழுதை மேயும்போது திரும்ப வயிற்றுக்குள் போகும். ஆகவே கழுதை கட்டுகிற, மேய்கிற இடத்தில் தினமும் விட்டையை அள்ளி, தூரமாக ஒரு மூலையில் குவித்து, பழைய தார்ப்பாயால் மூடி வைக்கச் சொன்னார் டாக்டர். உள்ளே வேகிற சூட்டில் முட்டை செத்துப்போகும், உரமும் ஆகும்.

அஞ்சலை மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அவளுடைய நான்கு கழுதை போட்டதை மட்டும். கலியபெருமாள் தன் கழுதை விட்டையை எவனாவது பொறுக்குவானா என்று இருந்துவிட்டார். பத்து நாள் கழித்து நாங்கள் போனபோது, களத்தில் பாதி பளிச்சென்றும் பாதி அசிங்கமாகவும் கிடந்தது. நடுவில் ஒரு குவியல். அது யாருடைய கழுதை போட்டது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம். சூளை வேலைக்காரர்கள் கல் அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை கடைசியில் கூடையை அவர் காலடியில் வைத்தாள். "மாமா, அதுல ஒங்க பேரும் இல்ல, எம் பேரும் இல்ல. நீங்க கூடையப் புடிங்க, நான் அள்றேன்."

காலி ஸ்லைடு

பசை மருந்து கொடுத்த பதினாலாம் நாள். இந்தத் தடவை டீ வாங்கவில்லை. ராஜா: காலி. கருப்பி: காலி. சிட்டுவின் ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம் வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பாஸ்கரைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்ல பாருங்க, ஒண்ணுமில்ல பாருங்க" என்று காட்டினேன். விட்டைக்குள் ஒன்றும் இல்லை என்பதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவதை அவர் பார்த்ததில்லை.

ஆனி மாதத்தில் சிட்டு ஒரு பெண் குட்டி போட்டது. அப்புறமும் எனக்கு நிம்மதி இல்லை. போன குட்டியும் நன்றாகத்தானே பிறந்தது? மூன்று மாதத்தில் குட்டியின் விட்டையை எண்ணிப் பார்த்து, அதன் எடைக்குத் தக்க மருந்து கொடுத்தார் டாக்டர். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீராணம் ஏரி நிரம்பிய சேதி பேப்பரில் வந்தது. ஈரப் புல், சேறு, சூளைக்கும் லீவு. தினமும் போன் செய்ய வெட்கமாக இருந்ததால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை செய்தேன். குட்டிக்கு ஆறாவது மாதம் பிறந்த அன்றைக்கு நான் கேட்பதற்கு முன்னாலேயே அஞ்சலை சொன்னாள்: "வவுறு ஊதல மேடம், ஒட்டிக்கினுதான் இருக்குது. காலையில என் முட்டியில ஒரு ஒத உட்டுது பாருங்க, இன்னும் வலிக்குது."

டப்பாவோடு வந்தவர்

இந்த வருஷம் சூளை திறந்த சமயம், லேப் வாட்ச்மேன் உள்ளே வந்தார். "மேடம், வெளிய ஒருத்தரு. பேரு கேட்டா சொல்லல. ஐஸு உருகுனா விட்டை கெட்டுடும், சீக்கிரம் கூப்புடுன்றாரு." போய்ப் பார்த்தால் கலியபெருமாள். வெள்ளை வேட்டி, கையில் ஐஸ் கட்டின பை. காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து கடலூர், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். விருத்தாசலம் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு கழுதை வாங்கியிருந்தார். அதை மற்றதோடு சேர்க்காமல் சூளைக்கு அந்தக் கோடியில் தனியாகக் கட்டிவிட்டு, அதன் விட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். டப்பா மேல் ஒட்டியிருந்த சீட்டில் கழுதையின் எடை எழுதியிருந்தது. மில்லில் போட்டதாம்.

எண்ணிப் பார்த்தேன். நிறையவே இருந்தது. டாக்டர் வந்து மருந்து கொடுத்து, பதினாலு நாள் கழித்து மறுபடியும் பார்க்கும் வரை தனியாகவே இருக்கட்டும் என்றேன். அதெல்லாம் தெரியும் என்பது போலத் தலையாட்டினார். வாங்கும்போதே விற்றவரிடம் ஏதாவது கேட்டீர்களா என்றேன். கலியபெருமாள் காலி டப்பாவைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டே சொன்னார்: "பூச்சி மருந்து ஊத்திட்டுத்தான் குடுக்கிறேன்னாரு. ஊத்துனது சரி, அப்புறம் எண்ணிப் பாத்தீங்களான்னு கேட்டேன். மொறச்சிக்கினு கவுத்த கையில குடுத்துட்டுப் போயிட்டாரு."

ஊரில் எல்லாரும் எண்ணிக்கை ஏறினால் சந்தோஷப்படுகிறார்கள். பூஜ்யம் வந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுக்கிற உத்தியோகம் எனக்குத்தான் வாய்த்தது.